ஓர் ஊர், ஒரு நாவல்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு நகரத்தார் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே நாவலைப் படித்து, அதைப் பற்றிக் கூடிப் பேசும் வாசிப்பு இயக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வனவாக இருந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இந்த முயற்சி எங்கே, எவ்வாறு தொடங்கியது? பெருநகரங்களுக்காக உருவான ஒன்று, சிற்றூர்களும் மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த எங்கள் பகுதிக்குப் பொருந்துமா?
– நூலக வாசகர் வட்ட உறுப்பினர், இராமநாதபுரம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் இயங்கிய வாஷிங்டன் நூல் மையத்தின் சார்பில், நான்சி பேர்ல் என்ற நூலகர் 1998-இல் இதைத் தொடங்கிவைத்தார். சியாட்டில் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணமே அம்முயற்சியின் பெயராகவும் அமைந்தது. முதல் நூலாக அவர்கள் எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' என்ற நாவல். ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் பலர் இறந்துபோகின்றனர். பேருந்தை ஓட்டிய பெண், பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை, வழக்குத் தொடுக்கலாம் என்று வெளியூரிலிருந்து வந்து சேரும் வழக்கறிஞர், உயிர் பிழைத்த சிறுமி ஆகிய நால்வரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைச் சொல்கின்றனர். யார் சொல்வதை நம்புவது, துயரத்துக்குக் காரணம் தேடுவது எதுவரை நியாயம் என்பதையெல்லாம் படிப்பவரே எடைபோட வேண்டியிருக்கிறது. ஊர் கூடிப் பேசுவதற்கு ஏற்ற நூல் எது என்பதை அந்த முதல் தேர்விலேயே அவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு 2001-இல் சிகாகோ நகரம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்டு' நாவலோடு இதில் இறங்கியது. அயர்லாந்தின் டப்ளின் நகரம் 2006 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், தன் ஊரோடு தொடர்புடைய ஒரு நூலை எடுத்துக்கொண்டு இதை நடத்திவருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் 2007-இல் அவ்வூரிலேயே பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'கிட்நாப்டு' நாவலை முழுநூலாகவும், சிறுவருக்கான எளிய வடிவாகவும், சித்திரக்கதையாகவும் வெளியிட்டு இலவசமாக வழங்கியது. ஒரே கதை வெவ்வேறு வயதினரின் கைக்கு வெவ்வேறு உருவில் போய்ச் சேரலாம் என்ற அந்த ஏற்பாட்டை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் பகுதிக்கு இது பொருந்துமா என்றால், பெருநகரத்தைவிட அதிகமாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். பெருநகரத்தில் ஒருவரையொருவர் அறியாதவர்களைப் பேசவைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கரையிலோ ஒரு தெருவுக்குள் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். ஆனால் தெருவுக்கும் தெருவுக்கும், தொழிலுக்கும் தொழிலுக்கும் நடுவே பேச்சு குறைவு. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் இடையே மனத்தாங்கல் பழையது. கீழக்கரையின் வணிகக் குடும்பத்துக்கும் முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் பயிரிடும் குடும்பத்துக்கும் கடைத்தெருவைத் தாண்டிய உறவு அரிது. மண்டபம் முகாமில் வாழும் ஈழத்தமிழரோடு, அவர்களும் தமிழிலேயே பேசினாலும், வேலிக்கு வெளியே இருப்பவர்கள் உட்கார்ந்து ஒரு பொருளைப் பேசும் வாய்ப்பு மிகச் சிறிது. இவர்கள் நேருக்கு நேர் தங்கள் பூசல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது வழக்காகிவிடும். கதையில் வரும் ஒருவன் செய்தது சரியா என்று பேசத் தொடங்கினால், தம் வாழ்க்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்பார்.

என் தந்தையும் சித்தப்பாவும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஒரு நாவலைப் படித்து முடிக்க இயலாது. சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறார். இத்தகைய குடும்பங்களுக்கு இந்த இயக்கத்தில் என்ன இடம்? படித்தவர்கள் கூடிப் பேசும் இன்னொரு கூட்டமாகத்தானே இது முடியும்?
– கல்லூரி மாணவி, பாம்பன்

வந்த கடிதங்களில் உங்களுடையதே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. உங்கள் அம்மாவுக்கு இடமில்லாத ஒன்றை 'ஊர் வாசிப்பு' என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

கதை என்பது நம் மக்களுக்கு மிக நீண்ட காலம் காதால் கேட்கும் பொருளாகவே இருந்திருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர்ப் பொதுவிடத்தில் மகாபாரதத்தின் விராட பருவத்தை வாசிக்கச் செய்து கேட்பது தென்னாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் திண்ணையில் அமர்ந்து இராகத்தோடு படிக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கிஸ்ஸா என்னும் கதையும் மசலா என்னும் வினாவிடை நூலும் மாலை என்னும் புகழ்ப்பாடலும் படைப்போர் என்னும் போர்க்கதையும் இவ்வாறே வீட்டுக்குள் ஓதிக் கேட்கப்பட்டன. கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் தவக்காலம் வந்தால் இயேசுவின் பாடுகளை இராகத்தோடு படிப்பதும் கேட்டு அழுவதும் உண்டு. இவை எல்லாவற்றிலும் படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர், கேட்பவருக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, இடையில் நிறுத்தி, "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?" என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. நாவல் என்ற வடிவம் தனியே அமர்ந்து வாய்திறவாமல் படிக்கும் பழக்கத்தோடு வந்தபோது, அந்தக் கேட்பவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களை மீண்டும் உள்ளே அழைப்பதாக இருந்தால், உங்கள் கரையில் இந்த இயக்கம் வாய்விட்டு வாசிப்பதில்தான் தொடங்க வேண்டும். அச்சுப் பிரதி அதற்குத் துணையாக வரட்டும்.

காலத்தையும் கடலே உங்களுக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு மரவேலையும் வண்ணப்பூச்சும் நடக்கும். நிழல் கண்ட இடத்தில் அமர்ந்து வலைகளைச் செப்பனிடுவார்கள். கை வேலையில் இருந்தாலும் காது ஓய்வாக இருக்கும் பொழுது அது. பள்ளித் தேர்வுகள் முடிந்து, மே மாதம் முழுவதும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் இதை அளவுக்கு மீறி எளிதாக எண்ணிவிடக் கூடாது. தடைக்காலம் கடன் வாங்கும் காலமும் ஆகும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குவதால், ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்துப் படகுகளில் வேலைக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டுப்படகுகளுக்கு இத்தடை கிடையாது. அவை வழக்கம்போல் கடலுக்குப் போகும். பாசி எடுக்கும் பெண்களின் வேலைநேரமோ நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. எனவே ஊருக்கெல்லாம் ஒரே நேரம் என்று அறிவித்துவிடாமல், உங்கள் சித்தியையும் அவரோடு போகும் பெண்களையும் கேட்டு அவர்களுக்கான நேரத்தைத் தனியே முடிவு செய்யுங்கள்.

உங்கள் பாம்பனிலேயே மீனவர்களுக்காக நடைபெறும் சமுதாய வானொலியான 'கடல் ஓசை' 90.4 அலைவரிசையில் 2016 முதல் ஒலிபரப்பாகிவருகிறது. நாள்தோறும் அரை மணி நேரம் அதில் நாவலைத் தொடர்ந்து வாசிக்க இயலுமானால் எத்தனையோ வீடுகளுக்கு ஒரே நேரத்தில் கதை போய்ச் சேரும். நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற நிதானத்தில் வாசித்தால், 40,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். அரை மணி வீதம் அது இரண்டு வாரக் கதை. தடைக்காலத்துக்குள் முழு நாவலையும் ஒருமுறை வாசித்து, விட்டுப்போனவர்களுக்காக மறுமுறையும் வாசித்துவிடலாம்.

ஆனால் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. வெளியான ஒரு நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவிடத்தில் வாசிப்பதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. முழு நாவலையும் தொடராக வாசிப்பதற்கும் ஒலிபரப்புவதற்கும் உரிமை உள்ளவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கும் இந்தத் தேவை எழாது. அவற்றைக் குறைந்த விலையில் நீங்களே அச்சிட்டுக்கொள்ளவும் கூடும்.

வாசிப்பவர் யார் என்பது கடைசிச் செய்தி. குரல் வளம் மிக்க ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து வரத் தேவையில்லை. கேட்பவர்களின் பேச்சை அறிந்த, அவர்கள் குறுக்கிட்டால் முகம் சுளிக்காத ஒருவர் போதும். உங்கள் தெருவுக்கு நீங்களே அவராக இருக்கலாம். ஒவ்வோர் இயலும் முடிந்ததும் முதலில் அம்மாவின் கருத்தைக் கேளுங்கள். கல்லூரித் தோழியர் பேசியபின் கேட்டால் அவர் வாய் திறக்கத் தயங்கக்கூடும்.

எந்த நாவலை எடுத்துக்கொள்வது? கடலைப் பற்றிய நாவலாகவே இருக்க வேண்டுமா? தேர்வை யார் செய்வது?
– வாசகர், தொண்டி

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இத்தகைய முயற்சிகள் தடுக்கி விழும் இடம் அதுதான். 2002-இல் நியூயார்க் நகரம் இதை நடத்த முனைந்தபோது தேர்வுக் குழுவினர் இரு நூல்களுக்கிடையே பிளவுபட்டனர். எந்த நூல் எந்தச் சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்துமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டு, நகரம் முழுவதற்கும் ஒரே நூல் என்ற எண்ணமே கைகூடாமற் போயிற்று. புத்தகங்களை நன்கறிந்தவர்கள் நிறைந்த நகரத்திலேயே இப்படி நேர்ந்திருக்கிறது. ஆகவே முடிவைக் குழுவிடம் விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு மூன்று நாவல்களை மட்டும் முன்வைக்கட்டும். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி, தங்கச்சிமடம் என்று சில ஊர்களில் அம்மூன்றின் முதல் இயல்களையும் வாய்விட்டு வாசித்துக் காட்டி, "இவற்றுள் எதை மேலே கேட்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த விருப்பமே தீர்ப்பாகட்டும். இந்த இதழின் வழியாக நான் ஒரு நாவலை எடுத்துக் கொடுப்பது முறையாகாது என்பதற்கும் அதுவே காரணம்.

ஆயினும் அம்மூன்றைப் பொறுக்குவதற்குச் சில நெறிகளைச் சொல்லலாம். நூல் இப்போது அச்சில் கிடைக்க வேண்டும். 250 பக்கத்துக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. பேச்சு நிறைந்ததாக இருந்தால் வாய்விட்டு வாசிப்பதற்குச் சுவை கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் நியாயம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கக் கூடாது. குற்றமற்ற நல்லவர் ஒருவரும் முழுக்கத் தீயவர் ஒருவரும் மட்டுமே உள்ள கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே முடிவோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கடலைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிகாகோ மக்கள் முதலில் படித்த நாவல் அவர்கள் ஊரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடப்பது. நிற வேற்றுமையும் நீதியும் அவர்களுக்கும் உரிய பொருளாக இருந்தமையால் அது அவர்களைத் தொட்டது. நெய்தல் நிலத்து நாவலே வேண்டும் என்று உங்கள் குழு எண்ணினால், தமிழில் அதற்குக் குறைவில்லை. எடுத்துக்காட்டாக, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' அளவில் சிறியது. வல்லம் என்னும் நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் லாஞ்சு என்னும் விசைப்படகில் போகிறவர்களுக்கும் மூளும் பகை அதில் வருகிறது. அப்பகை உங்கள் கரையில் இன்னும் ஆறாத ஒன்று. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' ஊர்ப் பெரியவரின் அதிகாரத்தையும், புதிய கல்வி வந்து சேரும்போது எழும் எதிர்ப்பையும் சொல்கிறது. அது குமரிக்கரை முஸ்லிம்களின் பேச்சில், மலையாளச் சாயலோடு எழுதப்பட்டது. உங்கள் பகுதியில் வாசிப்பவர் முன்கூட்டியே பலமுறை வாய்விட்டுப் படித்துப் பழகாமல் அதைக் கையிலெடுத்தால் கேட்பவர்கள் தடுமாறுவார்கள். இவ்விரண்டையும் நெறிகளை விளக்கவே குறிப்பிட்டேன்.

மனம் புண்படுவது பற்றி ஒரு சொல். நாவலில் ஒரு சமூகத்தார் வருகிறார்கள் என்றால், அவ்வூர் ஜமாஅத்தார்க்கோ பங்குத்தந்தைக்கோ ஊர்த்தலைவருக்கோ நூலை முன்கூட்டியே கொடுத்துப் படிக்கச் சொல்வது மரியாதை. ஒப்புதல் கேட்டு நிற்பது அதனின் வேறு. அது தேர்வையே அவர்கள் கையில் ஒப்படைப்பதாகும்.

புயலும் பேரழிவும் வரும் நாவலாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் மக்களோடு கடலுக்கு இரையானதையும் நேரில் அறிந்த முதியவர்கள் உங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். எந்த நாளில் எந்த இயலை வாசிக்கப்போகிறோம் என்பதை அவர்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. வந்து அமர்ந்தவரை, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று மேடைக்கு இழுக்கவும் கூடாது.

வாட்ஸ்அப் குழுவில் ஒலிப்பதிவாக அனுப்பலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

உரிமையாளரின் அனுமதியோடு அனுப்பலாம். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலைபார்க்கும் உங்கள் ஊர் ஆண்கள் அதே வாரத்தில் அதே இயலைக் கேட்டுவிட்டு வீட்டாரோடு தொலைபேசியில் பேசிக்கொள்ள இது உதவும். நூலின் பக்கங்களைப் படமெடுத்துச் சுற்றுக்கு விடுவது மட்டும் வேண்டாம். அது எழுத்தாளரின் உழைப்பைக் கவர்வது.

எங்கள் தெருப் பெண்கள் மாலைநேரப் பொதுக்கூட்டங்களுக்குப் போவதில்லை. எங்கள் லாத்தாமார்களும் மாமிமார்களும் கதை கேட்பதிலோ கருத்துச் சொல்வதிலோ யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகள் எப்போதும் அரங்கத்திலேயே நடக்கின்றன.
– இல்லத்தரசி, கீழக்கரை

அரங்கம் வேண்டுமென்ற கட்டாயம் எதுவும் இல்லை. வள்ளல் சீதக்காதி வாழ்ந்து புலவர்களை ஆதரித்த ஊர் உங்களுடையது. அங்கே இலக்கியம் வீட்டின் உள்முற்றத்திலும் வாழ்ந்திருக்கிறது. பகல் தொழுகைக்கும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுதோ, வேறு எந்தப் பொழுது உங்களுக்கு ஒழிகிறதோ அதுவோ, ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஓர் இயலை வாசித்தால் அதுவே முழுமையான வாசிப்புக் கூட்டம். அதை நடத்துபவரும் உங்களுள் ஒருவராகவே இருக்கட்டும். ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வருவதால், அது எந்த மாதத்தில் அமைகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டு உங்கள் வாரங்களை முடிவு செய்யுங்கள்.

இங்கே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. வீடுகளில் நடக்கும் கூட்டங்களைப் 'பெண்கள் பிரிவு' என்று பெயரிட்டு ஓரத்தில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இறுதியில் எல்லா ஊர்க் கருத்துகளும் ஒன்றுசேரும் கூட்டத்துக்கு உங்கள் முற்றத்தில் எழுந்த கேள்விகள் எழுத்திலோ பதிவு செய்த குரலிலோ போய்ச் சேர வேண்டும். அவை முதலில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். பெயரைச் சொல்வதும் மறைப்பதும் கேட்டவரின் விருப்பம்.

எங்கள் பள்ளி மாணவர்களையும் இதில் சேர்த்து, நாவலைப் பற்றிக் கட்டுரைப் போட்டியும் வினாடிவினாவும் நடத்திப் பரிசு வழங்கினால் ஆர்வம் பெருகும் அல்லவா?
– தமிழாசிரியர், சாயல்குடி

ஐயா, மாணவர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், போட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். கதாநாயகியின் தந்தை பெயர் என்ன என்ற வினாவுக்கு விடை தேடிப் படிக்கும் பிள்ளை, அந்தத் தந்தை ஏன் அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆண்டு முழுவதும் மதிப்பெண்ணுக்காகப் படித்த பிள்ளைக்கு, மதிப்பெண் இல்லாத ஒரு நூலையேனும் நாம் தர வேண்டாமா?

உங்கள் பகுதிக்கே உரிய ஒரு வழி இருக்கிறது. சாயல்குடியைச் சுற்றிப் பதநீர் காய்ச்சும் பருவமும் இந்தத் தடைக்கால மாதங்களில்தான் நடக்கிறது. உங்கள் மாணவர் பலரின் பெற்றோர் விடிலி என்னும் பனையோலைக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அங்கே சென்று ஓர் இயலைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வருமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்குப் பின் வகுப்பில் அக்குறிப்புகளை வாசிக்கச் செய்தால், தம் தாய்தந்தையர் ஒரு கதையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக அறிந்துகொள்வார்கள்.

மேடையையும் இதே காரணத்துக்காகக் குறைத்துக்கொள்ளுமாறு எல்லா ஊராரையும் கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடையும் வாழ்த்துரையும் முடிந்தபின் எஞ்சும் கால் மணி நேரத்தில் நாவலைப் பேச இயலாது.

ஊரிலுள்ள அனைவரும் ஒரே நூலைப் படிக்க வேண்டும் என்பது ஒருவகைத் திணிப்பாகாதா? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுவை இருக்கிறதே.
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், இராமேசுவரம்

உங்கள் ஐயம் பெரிய அறிஞர்களுக்கும் இருந்தது. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் புகழ்பெற்ற விமர்சகருமான ஹெரால்டு புளூம், இப்படிக் கூட்டமாகப் படிப்பதைத் தமக்கு உடன்பாடற்றது என்று வெளிப்படையாகவே கூறினார். வாசிப்பு என்பது தனிமனிதரின் உள்ளத்துக்குள் நிகழ்வது என்பதில் அவர் உறுதியாக இருந்தவர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்துத் தந்த எஸ்.ஆர்.ரங்கநாதனும் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

இவ்விரண்டையும் நான் ஏற்கிறேன். ஆண்டில் பத்து மாதங்கள் அவரவர் சுவைப்படி படிக்கத்தானே போகிறோம். இரண்டு மாதங்கள் மட்டும் ஒரு நாவல் பொதுவாக நடுவில் இருக்கிறது. அதையும் கேட்க மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. பாதியில் நிறுத்திவிட்டவர், "இதற்குமேல் என்னால் முடியவில்லை" என்று கூட்டத்தில் வந்து சொல்ல இடமிருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்பதிலிருந்தே நல்ல பேச்சு பிறக்கும். நூலைப் பாராட்டியே ஆக வேண்டும் என்ற நிலை எந்த ஊரில் உருவாகிறதோ, அங்கே உங்கள் ஐயம் சரியாகிவிடும்.

செலவுக்கு என்ன செய்வது? எத்தனை பிரதிகள் வேண்டும்? எங்கே தொடங்குவது?
– நூலக வாசகர், மண்டபம்

வாய்விட்டு வாசிப்பதே முதன்மையாக இருப்பதால், வீட்டுக்கு ஒரு பிரதி தேவைப்படாது. 200 ரூபாய் விலையுள்ள நூலில் 150 பிரதிகள் என்றால் 30,000 ரூபாய். மொத்தமாக வாங்கும்போது பதிப்பாளர்கள் கழிவு தருவதும் உண்டு. ஒவ்வொரு பிரதியின் உள்ளட்டையிலும் ஒரு தாளை ஒட்டி, படித்து முடித்த வீட்டார் தம் பெயரை எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி இரண்டு மாதத்தில் ஐந்து வீடுகளைச் சுற்றிவந்தாலே 750 வீடுகளுக்குப் போய்விடும்.

1948-இல் சென்னை மாகாணத்துக்கென நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நம் சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். எனவே கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் நமக்கு உரிமையுள்ள இடங்கள். மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, ஒவ்வொரு நூலகத்திலும் சில பிரதிகளை இந்த இரண்டு மாதங்களுக்கென ஒதுக்கிவைக்கச் செய்யுங்கள். தனியார் சேமிப்புகளையும் மறக்க வேண்டாம். சிறுவனாக இருந்தபோது இராமேசுவரத்தில் எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்ற தேசியவாதியின் வீட்டு நூலகத்துக்குப் போய் நூல்களைப் படித்ததை அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அப்படிப்பட்ட வீடுகள் இன்றும் உங்கள் கரையில் இருக்கக்கூடும். அவர்களிடம் இரவல் கேளுங்கள்.

நூலகம் எட்டாத குடியிருப்புகளுக்குப் பிரதிகளைக் கொண்டுசேர்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் உங்கள் கடற்கரையில், மீன் ஏற்றச் செல்லும் வண்டிகள் போகாத குடியிருப்பு இல்லை. அவற்றின் ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மண்டபம் முகாமிலுள்ள ஈழத்தமிழரைத் தேர்வுக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அழைப்பது விருந்தினரை அழைப்பது போலாகும். தடைக்காலம் ஏப்ரலில் தொடங்குவதால் நவம்பரிலேயே குழு கூட வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மூன்று நாவல்களின் முதல் இயல்களை ஊர்களில் வாசித்துக் காட்டிவிட்டு, பிப்ரவரியில் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் வாசிப்பு உரிமை கேட்டு எழுதுங்கள். எழுத்தில் அனுமதி வந்து சேரும்வரை, தேர்வான நூலின் பெயரைச் சுவரொட்டியில் அச்சிட வேண்டாம்.